சடையப்பனின் சிவப்புப் புள்ளிகள்

மதியச் சாப்பாட்டுக்கு மணி அடித்தும் உமைரா கணினியை விட்டு எழவில்லை. ஆய்வகத்தின் மின்விசிறி உருக்காலைத் தூசியை ஒரு மூலையிலிருந்து இன்னொரு மூலைக்குத் தள்ளிக்கொண்டிருந்தது. திரையில், உலையில் ஒரு தடவை உருக்கி எடுக்கும் ஒவ்வொரு ஹீட்டின் மாங்கனீசு அளவும் ஒரு புள்ளியாக நின்றது. நடுவில் சராசரிக் கோடு, மேலும் கீழும் எல்லைக் கோடுகள். எல்லைக்குள் இருக்கும் புள்ளி கறுப்பு, தாண்டினால் சிவப்பு. சிவப்பு அத்தனையும் சடையப்பன் உலையில் நின்ற ஷிப்டுகள். அதைக் காட்டித்தான், திங்கட்கிழமை முதல் அவரை அனுப்ப வேண்டாம் என்று ஒப்பந்தக்காரரிடம் சொல்லியிருந்தார்கள்.

காலையில் கேட் அருகே சடையப்பன் சிரித்துக்கொண்டேதான் கேட்டார். "இன்னா மேடம், என்னைச் செவப்புப் புள்ளின்னே கூப்புட ஆரம்பிச்சிட்டானுங்க. போவட்டும். அந்தக் கோடு எங்கேர்ந்து வருது? அத்த யாரு போடறது?"

"கம்ப்யூட்டர் போடுதுண்ணா."

"அதுக்கு யாரு சொன்னாங்க?"

பதினைந்து வருடம் உலை முன் நின்ற மனிதரிடம் கம்ப்யூட்டர் மேல் பழியைப் போட்டுவிட்டு அவள் ஆய்வகத்துக்கு வந்துவிட்டாள்.

வரைபடம் போடும் பழக்கத்தைக் கொண்டுவந்தவள் அவள்தான். விலைக்கு வாங்கும் மென்பொருளுக்கு நிர்வாகம் கைவிரித்துவிட, பொன்னேரி பிரவுசிங் சென்டரில் ஆர் என்னும் இலவச மென்பொருளை இறக்கிச் சிடியில் கொண்டுவந்தாள். அதனுடன் ஒவ்வொரு வேலைக்கும் தனித்தனிப் பேக்கேஜ் சேர்த்துக்கொள்ளலாம். மழையளவுக்கு ஒன்று, மரபணுவுக்கு ஒன்று, தொழிற்சாலைத் தரத்துக்கு ஒன்று. எங்கோ இருக்கும் யாரோ தன் வேலைக்காக எழுதி, வேண்டியவர்கள் எடுத்துக்கொள்ளட்டும் என்று விட்டு வைத்தவை. அவற்றில் அவளுக்குப் பிடித்த ஒரு குணம் உண்டு. கட்டளையின் பெயரை அடைப்புக்குறி இல்லாமல் வெறுமனே அடித்தால், அது கணக்குப் போடாது. தான் எப்படிக் கணக்குப் போடுகிறேன் என்பதை வரி வரியாகத் திரையில் கொட்டிவிடும். மூடி இல்லாத இயந்திரம். இத்தனை மாதமும் அவள் எட்டிப் பார்க்கவில்லை, அவ்வளவுதான்.

இன்று பார்த்தாள். எல்லைக் கோடு அவள் நினைத்ததுபோல் எல்லா அளவுகளும் எவ்வளவு பரந்திருக்கின்றன என்பதிலிருந்து வரவில்லை. ஒரு ஹீட்டுக்கும் அதற்கு அடுத்த ஹீட்டுக்கும் உள்ள வித்தியாசத்தை எடுக்கிறது. அப்படி எடுத்த எல்லா வித்தியாசங்களின் சராசரியிலிருந்து கோட்டைப் போடுகிறது. அக்கம்பக்கத்து ஹீட்டுகள் இயல்பாக எவ்வளவு விலகுமோ அதுதான் உலையின் சுபாவம், அதை மீறினால் கோளாறு. நியாயமான கணக்கு. வித்தியாசங்களை மட்டும் தனியாக அச்சிடச் சொன்னாள். சடையப்பன் ஷிப்டில் எண்கள் ஏறி இறங்கின. மற்ற ஷிப்டுகளில் ஒரு ஹீட் மாறும், அடுத்த மூன்று ஏறக்குறைய அப்படியே நிற்கும், பிறகு மறுபடி ஒன்று மாறும். படிக்கட்டு. உருகிய எஃகு படிக்கட்டு ஏறாது.

சாப்பிட்டுவிட்டு வந்த இளமதியைத் திரைக்கு முன் உட்காரவைத்தாள். ஆர்கான் வாயு பாயும் கருவியில் பொறி அடித்து ஷிப்டில் மாதிரிகளைச் சோதிப்பவள் அவள்.

இளமதி திரையில் ஒரு படியின் மேல் விரலை வைத்தாள். "தெரிஞ்சி போச்சா க்கா?"

"இன்னா பண்றீங்க?"

"கேஸ் இல்லியே. ஒரு சாம்பிள் அடிச்சா எவ்ளோ ஆர்கான் போவுதுன்னு உனுக்குத் தெரியாதா? சிக்கனமா இரு, சிக்கனமா இருன்னா, எப்புடி இருக்கறது? ஒண்ணு அடிப்போம், அடுத்த மூணுக்கும் அதே நம்பரு, கடைசி டிஜிட்ட மட்டும் மாத்திப் போட்டுடுவோம். எல்லா ஷிப்டுலயும் அப்டித்தான்."

"சடையப்பண்ணா ஷிப்டுல?"

இளமதி சிரித்தாள், உடனே நிறுத்திக்கொண்டாள். "அந்த ஆளு சாம்பிளக் குடுத்துட்டுப் போவமாட்டாரு க்கா. மெஷின்ல வச்சி அடிச்சி, நம்பரக் கண்ணால பாக்கற வரிக்கும் அங்கயே நின்னுக்கினு இருப்பாரு. பேஜாரு புடிச்ச மனுசன். அவருக்கு மட்டும் எல்லாத்தையும் அடிச்சே ஆவணும்."

மாறாத எண்கள் வித்தியாசங்களின் சராசரியைச் சுருக்கிவிட்டன. சுருங்கிய சராசரி எல்லைக் கோடுகளை நெருக்கிவிட்டது. நெருங்கிய கோடுகளுக்கு நடுவே, உண்மையாகச் சோதிக்கப்பட்ட எஃகு மட்டும் அடங்காமல் வெளியே நீட்டிக்கொண்டிருந்தது.

உமைரா போய்ச் சொன்னதை மேலாளர் வீரராகவன் தன் அறையில் தயிர்சாத டப்பாவை மூடிக்கொண்டே கேட்டார். அவருக்கும் களைப்பு. தலைமை அலுவலகத் தொலைபேசி காலையிலிருந்து அவரை விடவில்லை.

"ஓசி சாப்ட்வேர்மா. வேற என்னத்த எதிர்பாக்கற?"

"சாப்ட்வேர் சரியாத்தான் சார் போட்ருக்கு. நாம குடுத்த நம்பர்தான் பொய்."

"நீ குடுத்த சார்ட்ட வச்சித்தான் மேல பேசினேன். இப்ப பொய்யின்னு போய்ச் சொல்லவா? ஆதாரம் இருக்கா?"

"பழைய சாம்பிள் பில்லைங்க டின்ல இருக்கு சார். மறுபடி அடிச்சிப் பாத்தா தெரிஞ்சிடும்."

"கேஸ்?"

"இருக்கறது ஒண்ணுதான் சார்."

"ஒரே சிலிண்டர். அடுத்தது திங்கக்கெழம மத்தியானம். நடுவுல ரெண்டு லோடு போகணும். கேஸ் தீந்து, டெஸ்ட் சர்டிபிகேட் இல்லாம லாரி நின்னா, சடையப்பனோட நீயும் கெளம்ப வேண்டியதுதான்." கோபமில்லாமல், பேருந்து நேரம் சொல்வதுபோலச் சொன்னார். பிறகு டப்பாவைக் கழுவ எழுந்து போனார். அடிக்கச் சொல்லவில்லை, அடிக்காதே என்றும் சொல்லவில்லை.

அவள் ஆய்வகத்துக்குத் திரும்பியபோது, அலமாரிக்கு அடியிலிருந்த பிஸ்கட் டின்னை இளமதி ஏற்கெனவே வெளியே இழுத்திருந்தாள். ஹீட் எண் கொத்திய எஃகுப் பில்லைகள், துருவின் மணத்தோடு. எந்தெந்த ஹீட் என்று உமைரா கேட்கவில்லை. இளமதியே பொறுக்கி மேசையில் வைத்தாள். எவையெல்லாம் அடிக்காதவை என்பது அவள் கைக்குத் தெரிந்திருந்தது. சன்னலுக்கு வெளியே, சரக்கேற்ற வந்த முதல் லாரி எடைமேடையில் ஏறி நின்றது.

உமைரா முதல் பில்லையைச் சாணைச் சக்கரத்தில் காட்டி மினுமினுப்பாக்கி, கருவியின் வாயில் வைத்து, பிடியை இறக்கினாள். உள்ளே நீலப்பொறி படபடத்தது. சிலிண்டரின் தலையில் வாயு அளவைக் காட்டும் முள் லேசாக நடுங்கி, ஒரு மயிரிழை கீழே வந்து நின்றது. இளமதி அடுத்ததை நீட்டினாள்.