திரைக்குக் கீழே தெரிந்த அங்கி

கெலிஓயாவில் பஸ் நின்றதும் போதகர் தியாகராஜாவின் கால்கள் அவரைக் கேட்காமலே இறங்கிவிட்டன. அப்படித்தான் தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். கால்கள் மேல் பழி போடுவது சுலபம். இறங்கச் சொன்னது வயிறு.

ஈஸ்டருக்கு முன்னால் கிறிஸ்தவர்கள் உபவாசம் இருக்கும் லெந்து காலம் அது. ஹேவாஹெட்டயில் உள்ள தன் கோயிலில், பகலில் தண்ணீரைத் தவிர எதையும் தொடக்கூடாது, உபவாசத்தை முறிப்பவருக்குக் கோயிலில் எந்தப் பொறுப்பும் கிடையாது என்று சட்டம் போட்டவரே அவர்தான். முகம் கழுவி, தலைக்கு எண்ணெய் வைத்து, யாருக்கும் தெரியாமல் உபவாசம் இரு என்று சொன்ன ஆண்டவருக்கு ஊழியம் செய்கிறவர், லெந்து தொடங்கியதிலிருந்து தலையில் எண்ணெயே வைக்கவில்லை. கன்னம் ஒட்டித் தெரிவதற்குக் கண்ணாடி முன்னால் ஒத்திகை வேறு.

மஹ்ரூபின் சாப்பாட்டுக் கடையில் பச்சைத் திரை தொங்கியது. முஸ்லிம்களுக்கும் அது நோன்பு மாதம். நோன்பாளிகளின் கண்ணில் படாமல் மற்றவர்கள் சாப்பிடுவதற்கான ஏற்பாடு.

"உள்ளுக்குப் போங்க ஃபாதர். ரோல்ஸ் சுடச்சுட ஈக்கி," என்றார் மஹ்ரூப்.

வெள்ளை அங்கியோடு உள்ளே நுழைந்த போதகர் திரையோரமே நின்றுவிட்டார். பராட்டாவும் கையுமாக உட்கார்ந்திருந்தவன் மூக்கையா! அவருடைய கோயிலில் மணியடித்துக் கூட்டித் துடைக்கிறவன். அந்த வேலை போனால் கோயிலுக்குப் பின்னாலிருக்கும் அறையும் போகும். பெண்டாட்டி பிள்ளைகளோடு தெருவில்தான் நிற்க வேண்டும்.

"பசி தாங்கலீங்கய்யா," என்றான் மூக்கையா.

"எனக்கும்தான்ப்பா," என்றார். ஊழியத்துக்கு வந்த பிறகு அவர் பேசிய முதல் உண்மை அதுவாகத்தான் இருக்கும்.

ரோல்ஸை ஒரு கடி கடித்திருப்பார். வெளியே பெண்கள் சங்கத் தலைவி ரத்தினம்மாவின் குரல். உபவாசம் முறிப்பவர்களைப் பிடித்துக்கொடுக்கும் வேலையை அவளிடம் ஒப்படைத்தவரும் இந்தப் புண்ணியவான்தான்.

"திரைக்குக் கீழ வெள்ளை அங்கி தெரியுதே! நம்ம ஐயாவோடது மாதிரி இருக்கு?"

மூக்கையா சட்டென்று எழுந்து தலையை மட்டும் வெளியே நீட்டினான். "நான்தாங்கம்மா. ஐயாவோட அங்கிய லோண்டரியில வாங்கிட்டுப் போறேன். கதிரையில போட்டிருக்கேன், தொங்குது."

"அடப்பாவி! உபவாசத்துல தின்னுறியா? ஞாயித்துக்கிழமை ஐயாகிட்ட சொல்லி உன்னைய அறையக் காலி பண்ண வைக்கிறேனா இல்லையா பாரு!"

"சொல்லுங்கம்மா," என்றான்.

போதகர் வாயைத் திறக்காமல் இருந்தாலே போதும். ஞாயிறன்று மூக்கையாவை மன்னித்தும் விடலாம். ஐயாவுக்கு எவ்வளவு பெரிய மனசு என்று நாலு பேர் சொல்வார்கள். அந்த நினைப்பு வந்த வேகத்தைப் பார்த்து அவருக்கே தன்மேல் அருவருப்பு வந்தது. சீ, நீயெல்லாம் ஒரு மேய்ப்பனா! ஆட்டுக்குப் பின்னால் ஒளிகிற மேய்ப்பன்!

திரையை விலக்கிக்கொண்டு வெளியே வந்தார். வாயில் இருந்ததை விழுங்கத்தான் கொஞ்ச நேரம் பிடித்தது.

"ஞாயித்துக்கிழமை வரைக்கும் எதுக்கு ரத்தினம்மா? இப்பவே சொல்லுங்க. மூக்கையாவ வெளிய அனுப்புறதுன்னா, மொதல்ல என்னைய அனுப்பணும்."

ரத்தினம்மா அவர் கையிலிருந்த கடித்த ரோல்ஸைப் பார்த்தாள். "அப்ப... ஞாயித்துக்கிழமை ஆராதனைக்கு என்னங்கய்யா பண்றது?"

"மூக்கையா மணியடிக்கட்டும். நான் பிரசங்கத்துக்குப் பதிலா இந்தக் கதையச் சொல்றேன்."

"ஐயோ, சிரிப்பாங்கய்யா!" என்றான் மூக்கையா.

"சிரிக்கட்டும்ப்பா. இத்தன வருஷமா தூங்கத்தானே செஞ்சாங்க."