கத்தரிப் பாத்தியில் நாகம்

1934இல் மலாயாவில், ஜாசினுக்கு அருகே ஒரு ரப்பர் தோட்டத்தில், கருப்பாயி கத்தரிப் பாத்தியைக் கொத்தும்போது விரல் நீளக் கரும்பாம்பு ஒன்று நெளிந்தது. ஐந்தே நிமிடத்தில் தொழிலாளர் வரிசைவீடுகளான லயமே திரண்டுவிட்டது. பெண்கள் பாலும் மஞ்சளும் எடுத்துக்கொண்டு ஓடிவந்தார்கள்.

கூலிகளை மேற்பார்க்கும் கங்காணி அங்கமுத்து தலைப்பாகையைச் சரிசெய்துகொண்டு, அந்தப் பாம்பைத் தாமே பெற்றவர்போல் முன்னால் வந்தார்.

“நாகம்மா குட்டி. பாம்பு காட்சி கொடுத்த மண்ணை யாரும் மிதிக்கக் கூடாது, கொத்தக் கூடாது. இங்கதான் கோயில். தலைவர் நான்.”

“பாம்புக்குக் கண்ணே காணோமே, கங்காணி?” என்றார் ரப்பர் மரத்தில் பால்வெட்டும் தம்புசாமி.

“தவத்துல இருக்குப்பா.”

கருப்பாயியின் நான்கு பிள்ளைகளுக்கும் அந்தப் பாத்திதான் குழம்பு. “இது புழுப்பாம்புங்கய்யா. ஈரமண்ணு இருக்கிற இடமெல்லாம் இருக்கும்” என்றாள்.

“தெய்வத்தைப் புழுன்னா சொல்ற?”

அவள் நேரே கங்காணி வீட்டு வாசலுக்குப் போய், படியோரம் இருந்த குரோட்டன்ஸ் தொட்டியை நகர்த்தினாள். அடியில் மூன்று நெளிந்தன.

கூட்டம் செம்புகளோடு அங்கே பாய்ந்தது. படியெல்லாம் மஞ்சள், பால் வீட்டுக்குள்ளேயே ஓடியது. உள்ளே போகப்போன கங்காணியின் கையைத் தம்புசாமி பிடித்தார்.

“கால் வைக்காதீங்க. நீங்க போட்ட சட்டம்தானே? இங்க மூணு குட்டி வேற. கோயில் கட்ட உங்க வீட்டைத்தான் பிரிக்கணும்லா.”

கங்காணி வீட்டைப் பார்த்தார், கூட்டத்தைப் பார்த்தார்.

“அட போங்கப்பா, அது வெறும் புழுப்பாம்பு” என்றார், நாற்பது பேர் கேட்க.

கருப்பாயி அதற்குள் திரும்பிப் போய்ப் பாதிப் பாத்தியைக் கொத்தி முடித்திருந்தாள்.