பெரிய டிஷ்

"நாப்பத்தெட்டு!" என்று கீழே கூடத்திலிருந்து அப்பாவின் குரல் வந்தது.

மொட்டை மாடியில் புது டிஷ்ஷின் விளிம்பைப் பிடித்திருந்த டிஷ்காரர் அதை ஒரு விரற்கடை இடப்பக்கம் திருப்பினார்.

"அம்பத்தொண்ணு! இல்ல இரு, அம்பத்திரெண்டு!"

டிஷ்காரர் சிரித்தார். "உங்கப்பா பிரமாதமா படிக்கிறாரு சார். மத்த வீட்லல்லாம் 'வருது வருது, போயிருச்சு'ன்னுதான் கத்துவாங்க."

"மீட்டர் ரீடரா இருந்தவரு," என்றான் மகன்.

முப்பது வருடம் வீடு வீடாகப் போய் மின்சார மீட்டர் பார்த்த மனிதருக்கு, டிவி திரையில் ஓடும் சிக்னல் எண்ணைப் படிப்பது தண்ணீர் பட்ட பாடு. முழங்கால் போனதிலிருந்து நாற்காலியே கதியென்று கிடந்தவருக்கு அன்று ஒரு வேலை கிடைத்திருந்தது. காலையிலேயே சவரம் செய்து, கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு தயாராக உட்கார்ந்துவிட்டார்.

பழைய டிஷ் சின்னது. தூறல் விழுந்தாலே படம் கட்டம் கட்டமாக உடையும். புது பேக்கேஜுக்குப் பெரியது வேண்டும் என்றார்கள். உண்மையைச் சொன்னால், சனிக்கிழமை தொடங்கும் போட்டிகளைப் பார்க்க மகனுக்குத்தான் அது வேண்டியிருந்தது. "இருக்கறதே போதும்பா, நான் பார்க்கிறது ரெண்டு சேனல்," என்று அப்பா சொல்லிப் பார்த்தார். அவர் பேச்சு அந்த வீட்டில் எடுபட்டு ரொம்ப நாளாகியிருந்தது.

மகன் பஸ் டிப்போவில் டைம்கீப்பர். எந்த வண்டி எத்தனை நிமிடம் தாமதம் என்று ஒலிபெருக்கியில் கத்திக் கத்தி, வீட்டில் உப்பு கேட்டால்கூட நாலு வீட்டுக்குக் கேட்கும். தெருவில் அவனுக்கு மைக்செட் என்று பெயர்.

"அறுபத்தஞ்சு!" வரை வந்தது. டிஷ்காரர் இன்னும் கொஞ்சம் நிமிர்த்தினார். கீழே சத்தமில்லை.

"அப்பா! எவ்வளவு?"

பதில் இல்லை. டிஷ்காரர் அப்படியும் இப்படியும் அசைத்துப் பார்த்தார். வெயில் மண்டையைப் பிளந்தது. மகனுக்குப் பன்னிரண்டு மணிக்கு டியூட்டி. கைக்கடிகாரத்தைப் பார்த்தான், பத்து ஐம்பத்திரண்டு.

"உள்ள என்ன பண்றீங்க? காதும் போச்சா?" என்று கத்தினான். அதோடு நிறுத்தியிருக்கலாம். "உட்கார்ந்த இடத்துல ஒரு நம்பர் படிக்கத் துப்பில்லையா உனக்கு? சோத்துக்கு மட்டும்தான் வாய் திறக்குமா?"

அப்பாவை அவன் ஒருநாளும் ஒருமையில் பேசியதில்லை. எதிர்வீட்டு மாடியில் துணி உலர்த்திக்கொண்டிருந்த டீச்சர், போர்வையைப் பிடித்தபடியே நின்றுவிட்டார். டிஷ்காரர் தலையைக் குனிந்துகொண்டு, "பிடிச்சுக்குங்க சார், இப்போதைக்கு இறுக்கி வைக்கிறேன்," என்றார்.

நான்கு போல்ட்டும் ஏறும்வரை பிடித்துக்கொண்டு நின்றான். பிறகு, நேரிலும் நாலு வார்த்தை கேட்டுவிடுவது என்று இறங்கிப் போனான். அப்பா நாற்காலியில் ஒரு பக்கமாகச் சாய்ந்திருந்தார். மடியில் செல்போன், தரையில் ரிமோட். திரையில் எண்பத்திரண்டு என்று காட்டியது.

தெருமுனை டாக்டர் வந்து பார்த்தார். மாரடைப்பு, ஒரு நிமிடம்கூட ஆகியிருக்காது என்றார்.

"எத்தனை மணிக்குப் போயிருக்கும் டாக்டர்?"

"பத்தே முக்கால், பதினொண்ணு இருக்கும். அஞ்சு நிமிஷம் முன்னபின்ன."

டிப்போவில் ஒரு டிரைவர் இப்படிச் சொல்லியிருந்தால் அவனை உண்டு இல்லை என்று ஆக்கியிருப்பான். பத்து ஐம்பதுக்கே உயிர் போயிருந்தால் அவன் கத்தியதை அப்பா கேட்டிருக்க மாட்டார். இரண்டே நிமிடம். பெற்ற தகப்பன் இரண்டு நிமிடம் முன்னாலேயே செத்திருக்க வேண்டும் என்று அவன் வேண்டிக்கொண்டிருந்தான். அதை நினைக்க அவனுக்கே அசிங்கமாக இருந்தது.

துக்கத்துக்கு முதலில் வந்தவர் பக்கத்து வீட்டு மாமா. பேச எதுவும் கிடைக்காமல், "மேல என்னப்பா, புதுசா பெரிய டிஷ்?" என்று கேட்டுவைத்தார்.

"அப்பாவுக்காகத்தான் மாமா. படம் தெளிவா தெரியணும்னு…" நாக்கு தானாகப் புரண்டது.

மதியம் மூன்று மணிக்குள் அது கூடம் முழுக்கப் பரவிவிட்டது. "பார்த்துப் பார்த்துச் செஞ்சான் புள்ள. அவருக்குத்தான் அனுபவிக்கக் கொடுத்து வைக்கல." வருகிறவர்கள் எல்லோரும் அவன் தோளைத் தொட்டுவிட்டுப் போனார்கள். அவனுக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது. டீச்சரும் வந்தார். யாரோ அவரிடமும் அதையே சொன்னார்கள். அவர் அவன் பக்கம் திரும்பாமல் "ம்" என்றார்.

ஏணியை எடுத்துப் போக வந்த டிஷ்காரர் வாசலில் அவனைத் தனியே கூப்பிட்டார். "நான் யார்கிட்டயும் மூச்சு விட மாட்டேன் சார். எல்லா வீட்லயும் நடக்கிறதுதான்." ஆறுதலுக்குத்தான் சொன்னார். அதற்கு ஓங்கி ஒரு அறை விட்டிருந்தால் தாங்கியிருப்பான்.

தங்கை நான்கு மணிக்கு வந்து சேர்ந்தாள். அப்பாவின் காலைப் பிடித்துக்கொண்டு அழுது ஓய்ந்து, பிறகு எழுந்து, துக்கத்துக்கு வந்தவர்களுக்குத் தண்ணீர் கொடுத்தாள். சுடுகாட்டுக்குக் கொண்டுபோகும் வண்டி வர இன்னும் கொஞ்ச நேரம் இருந்தது. டம்ளர் கழுவிக்கொண்டே அவனைச் சமையலறைக்குள் கூப்பிட்டாள்.

"அப்பாவோட போன் எங்கண்ணா?"

சட்டைப் பையிலிருந்து எடுத்துக் கொடுத்தான். அவள் ஈரக்கையைத் துடைத்துக்கொண்டு வாங்கினாள்.

"கடைசியா பேசினது நான்தான். பத்து அம்பதுக்குப் பண்ணேன். நாலு நிமிஷம் பேசினாரு. 'உங்கண்ணன் பெரிய டிஷ் மாட்டுறான், நான்தான் நம்பர் சொல்றேன், நான் இல்லாம வேலை நகராது'ன்னு ஒரே பெருமை."

பத்து ஐம்பதிலிருந்து நாலு நிமிடம். கணக்குப் போட அவனுக்குக் கடிகாரம் தேவைப்படவில்லை.

"நான் கத்தினது… கேட்டுச்சா?"

"உன் குரல் கேக்காம இருக்குமா? 'உள்ள என்ன பண்றீங்க'ங்கிற வரைக்கும் கேட்டுச்சு. அப்புறம் வெறும் கரகரன்னு சத்தம். போனைக் கையால பொத்திட்டாரு." தங்கை தன் உள்ளங்கையைப் பார்த்துக்கொண்டாள். "அண்ணன் என்னப்பா சொல்றான்னு கேட்டேன். 'உன்னைத்தான்மா விசாரிக்கிறான்'னாரு. 'எண்பதைத் தாண்டிருச்சு, அவன்கிட்ட சொல்லணும், வெச்சிடவா'ன்னு வெச்சிட்டாரு."

முன்னறையில் யாரோ ஒருவர் நாற்காலிகளை ஓரமாக இழுத்துப் போட்டார்.

"என்னண்ணா விசாரிச்சே?" என்றாள் தங்கை. அழுது வீங்கிய முகத்தில் ஒரு சின்ன ஆசை இருந்தது. "மாசக்கணக்கா நீ என்கிட்ட பேசறதே இல்ல. என்ன கேட்டேன்னு சொல்லேன்."

நல்லாயிருக்கியா என்று கேட்டதாகச் சொல்லிவிடலாம். அப்பாவே எடுத்துக் கொடுத்துவிட்டுப் போன பொய். கூடத்தில் இருந்தவர்களிடம் சொன்னதைப் போல இதுவும் தானாக வந்திருக்கும்.

"உன்னை விசாரிக்கல," என்றான்.

பிறகு, அப்பா பொத்தி மறைத்ததை அவளிடம் ஒவ்வொரு வார்த்தையாகச் சொன்னான். எதையும் விடவில்லை. சோற்றைப் பற்றிச் சொன்னதையும், 'உனக்கு' என்றதையும் சொன்னான்.

வாசலில் வண்டி வந்து நின்றது. "மூத்தவனைக் கூப்பிடுங்கப்பா," என்று மாமாவின் குரல் கேட்டது. தங்கை அவனைப் பார்க்கவில்லை. போனைச் சமையல் மேடைமேல் குப்புற வைத்தாள். குழாயைத் திறந்து, கழுவிக் கவிழ்த்திருந்த டம்ளர்களை ஒவ்வொன்றாக எடுத்து மறுபடியும் கழுவ ஆரம்பித்தாள்.