மூணாவது வரி

"சூடு ஜாஸ்தியா இருக்குது பாரு, இன்னொரு சொம்பு பச்சத்தண்ணி ஊத்து. உசுரோட இருக்கறவ மேல ஊத்தற பதம் இருக்கணும்" என்றார் பல்கீஸ் மாமி.

சாயிரா ஊற்றிவிட்டு முழங்கையை விட்டுப் பார்த்தாள். இலந்தை இலை போட்டுக் காய்ச்சிய தண்ணீர். அக்காவுக்குச் சூடு ஆகவே ஆகாது. மார்கழியிலும் பச்சைத்தண்ணியில் குளித்துவிட்டு ஈரத்தலையோடு டீ போடுகிற ஆள். அந்த ஆஸிஃபா இப்போது கொல்லையில், நாலு பக்கமும் புடவை கட்டி மறைத்த இடத்தில், பலகை மேல் படுத்திருந்தாள். விடியற்காலை பாங்குக்குக் கொஞ்சம் முன்னால் போய்விட்டாள். வயது நாற்பத்தெட்டு. மகன் இஜாஸ் ஷார்ஜாவிலிருந்து வந்து சேர முடியாது. போனிலேயே முகம் பார்த்து அழுது முடித்திருந்தான். மதியத் தொழுகைக்குப் பிறகு அடக்கம்.

மரக்காணத்தில் எந்த முஸ்லிம் வீட்டில் பொம்பளை மவுத்தானாலும் குளிப்பாட்ட பல்கீஸ் மாமிதான் வருவார். கூட ஒரு சொந்தக்காரி நிற்க வேண்டும். "நான் நிக்கறேன்" என்று சாயிரா முந்திக்கொண்டபோது, தங்கச்சின்னா இப்படி இருக்கணும் என்று கூடத்தில் ரெண்டு பேர் பேசிக்கொண்டார்கள். பாசம் இருந்தது, இல்லாமல் என்ன. ஆனால் அவள் நின்றது அதற்கு மட்டும் இல்லை. செய்த தப்புக்கு அக்காவிடம் மாப்பு கேட்க வேண்டியிருந்தது. ரெண்டரை வருஷமாகத் தள்ளிப்போட்டுத் தள்ளிப்போட்டு, இந்தப் பலகை வரைக்கும் கொண்டுவந்துவிட்டாள்.

"ஒண்ணு ஞாபகம் வெச்சுக்க" என்று மாமி கையில் துணியைச் சுற்றிக்கொண்டே சொன்னார். "இங்க என்ன பாத்தாலும் இந்தப் புடவைக்கு வெளிய போகக் கூடாது. மய்யித்து மேல இருக்கற குறைய நாம மறைச்சிடணும்."

"சரிங்க மாமி."

வலது பக்கத்திலிருந்து ஆரம்பித்தார்கள். மேலே போர்த்திய துணியை விலக்காமல் அடியில் கையை விட்டுத்தான் கழுவ வேண்டும். இடது பக்கம் வந்ததும் மாமி நிறுத்திவிட்டார்.

"இந்தப் பக்கம் நீ பண்ணும்மா. உனக்குத்தான் பழக்கம்."

பழக்கம்தான். ஆபரேஷன் ஆன நாளிலிருந்து கட்டுப் பிரித்துத் துடைத்தது அவள்தானே. மார் இருந்த இடம் தட்டையாக, விலா எலும்பு கையில் தட்டும்படி இருந்தது. சாயிரா அந்த இடத்தில் வைத்த கையை எடுக்கவில்லை.

நாலு வருஷத்துக்கு முன்னால் பள்ளிக்கூட மைதானத்தில் பாண்டியிலிருந்து ஒரு ஆஸ்பத்திரி வேன் வந்து நின்றது. முப்பத்தஞ்சு தாண்டிய பொம்பளைகளுக்கு மார்பை இலவசமாகப் படம் எடுத்தார்கள். ஆஸிஃபா கூச்சப்பட்டாள். "நானும் எடுத்துக்கறேன், வாக்கா" என்று கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனது சாயிராதான். எதிர்வீட்டு வசந்தாவும் கூடவே வந்தாள். பத்து நாளில் மூன்று பேருக்கும் ரிப்போர்ட் வந்தது. அந்தத் தெருவில் இங்கிலீஷில் எது வந்தாலும், விசா பேப்பரோ மாத்திரை அட்டையோ, பி.காம். படித்த சாயிராவின் கைக்குத்தான் வரும். அன்றைக்கும் படித்தாள். முதல் வரி, கட்டி எதுவும் தெரியவில்லை. ரெண்டாவது வரி, வருஷா வருஷம் வந்து பார்த்துக்கொள்ளவும். மூணாவது வரி, மார்புத் திசுவின் டென்சிட்டி மிக அதிகம், கூடவே ஒரு ஸ்கேன் எடுத்துப் பார்ப்பது நல்லது. அக்காவுடையதிலும் அதே வரி, தன்னுடையதிலும் அதே வரி.

உப்பளத்தை நம்பிப் பிழைக்கிற வீடு அது. டென்சிட்டி என்கிற வார்த்தை அங்கே சோறு, குழம்பு மாதிரி புழங்கும். ஆஸிஃபாவின் புருஷன் நிஜாமுதீன் குத்தகைக்கு எடுத்த பாத்திகளில் தினமும் காலையில் ஒரு கண்ணாடிக் குழாயை மிதக்கவிட்டு, தண்ணீர் எத்தனை டிகிரி ஏறியிருக்கிறது என்று பார்ப்பார். இருபத்தஞ்சு டிகிரி ஏறினால்தான் உப்பு விழும். ஏறாத நாளில் வீட்டில் யாரோடும் பேச மாட்டார். ஏறிவிட்டால் வரும்போதே கறி வாங்கிக்கொண்டு வருவார்.

"மச்சான், அக்காவுக்கு டென்சிட்டி ஜாஸ்தியாம்" என்றாள் சாயிரா.

"ஜாஸ்தின்னா நல்லதுதானே. கொறைஞ்சாத்தான் கவலப்படணும்" என்றார் அவர், செருப்பில் ஒட்டிய சேற்றைத் தட்டிக்கொண்டே.

"ஸ்கேன் எடுக்கலாம்னு போட்டிருக்குது."

"ஆஸ்பத்திரிக்காரன் வேற என்னத்தப் போடுவான்? கட்டி இல்லன்னு இருக்குதில்ல?"

"இருக்குது."

"அப்புறம் என்ன."

அதோடு முடிந்தது பேச்சு. சாயிராவுக்கு ஒரே குஷி. "நாப்பத்திநாலு வயசுலயும் உனக்கு இருபத்தஞ்சு டிகிரிக்கா. எனக்கும் அதேதான்" என்று அக்காவைக் கிண்டல் பண்ணினாள். ஆஸிஃபா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். மதியம் கேசரி கிண்டி நாலு வீட்டுக்குக் கொடுத்தனுப்பினாள்.

ஒரு வருஷம் கழித்து இடது பக்கம் கனமாக இருக்கிறது என்றாள். "அதான் ரிப்போர்ட் நல்லா வந்துச்சே" என்று தானே சமாதானமும் சொல்லிக்கொண்டாள். அப்படியே ஏழு மாசம் ஓடிவிட்டது. பாண்டியில் டாக்டரம்மா பழைய ரிப்போர்ட்டைப் புரட்டிவிட்டு, "அப்பவே ஏன் ஸ்கேன் எடுக்கல?" என்று கேட்டார். சில பேருக்கு மார்புச் சதை அடர்த்தியாக இருக்கும், அது படத்தில் வெள்ளையாக விழும், கட்டியும் வெள்ளையாகத்தான் விழும், வெள்ளைக்குள் வெள்ளை தெரியாது என்றார். அந்த மாதிரி இருப்பவர்களுக்கு இந்தக் கேன்சர் வருவதற்கும் வாய்ப்பு கொஞ்சம் கூடத்தான் என்றார். சாயிரா தரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள். அக்கா அவள் பக்கம் திரும்பவே இல்லை. "எங்களுக்குத் தோணலைங்க டாக்டர்" என்று மட்டும் சொன்னாள்.

பாவி, சாயிரா அன்றைக்காவது வாயைத் திறந்திருக்கலாம். படித்துவிட்டுத்தான் விட்டேன் என்று சொல்லியிருக்கலாம். தனக்கும் அதே வரி இருப்பதைச் சொல்லிவிட்டு அங்கேயே ஸ்கேன் எடுத்திருக்கலாம். எடுக்கப் போனால் ஏன் எதற்கு என்று கேள்வி வரும், குட்டு வெளிப்பட்டுவிடும். தன் ரிப்போர்ட்டை பீரோவில் துணிக்கு அடியில் தள்ளினாள். குவைத்தில் இருக்கும் புருஷனிடம்கூடச் சொல்லவில்லை.

"கையெடும்மா, கற்பூரத் தண்ணி ஊத்தணும்" என்றார் மாமி.

சாயிரா கையை எடுத்தாள். மாப்பு பண்ணிடுக்கா என்று வாய் வரைக்கும் வந்தது. மாமி பக்கத்தில் இருந்தார். சொல்லவில்லை. முடியை மூன்று பின்னலாகப் பின்னிவிட்டாள். மருந்துக்குக் கொட்டிப்போய் மறுபடி முளைத்த முடி, பின்னல் விரல் நீளம்கூட நிற்கவில்லை.

மய்யித்தைச் சந்தூக்கில் வைத்துத் தூக்கிக்கொண்டு போன ஆண்கள் மூன்று மணிக்குத் திரும்பினார்கள். நிஜாமுதீன் வாசல் குழாயில் கால் கழுவிவிட்டு சாயிராவைக் கூப்பிட்டார். சட்டைப் பையிலிருந்து மடித்த சீட்டு ஒன்றை எடுத்து நீட்டினார். பாண்டி டாக்டரம்மாவின் கையெழுத்து. சாயிரா, வயது நாற்பத்திரண்டு, மார்பு ஸ்கேன்.

"உங்க அக்கா எழுதி வாங்கினது. ரெண்டு மாசம் ஆச்சு."

சாயிரா தன் பெயரை மறுபடியும் படித்தாள். "அப்பவே குடுத்திருக்கலாமே மச்சான்."

"நானும் அதத்தான் சொன்னேன். 'நான் இருக்கறப்ப குடுத்தா அவளக் குத்திக் காட்டற மாதிரி ஆயிடும். மண்ணு போட்டுட்டு மொத வேலையா இதப் பாருங்க'ன்னுட்டா. தள்ளினது தப்புதான். அவ இருந்த நெலமையில எதுத்துப் பேச முடியல." அவர் முகத்தைத் துண்டால் துடைத்தார். "போன் பண்ணிட்டேன். மூணாம் நாள் பாத்திஹா முடிஞ்ச மறுநாள், பத்து மணிக்கு வரச் சொல்லிட்டாங்க."

சாயிரா தலையாட்டினாள். அவர் உள்ளே போகாமல் நின்றார்.

"படிச்சது நீ. நல்லதுன்னு சொன்னது நான். அவ ரெண்டு பேரையும் ஒரு வார்த்த கேக்கல" என்றார்.

சோறு ஆக்கிக் கொண்டுவந்த வசந்தா தூக்குச்சட்டியை இறக்கி வைத்துவிட்டுப் பக்கத்தில் வந்தாள். "என்ன சாயிரா சீட்டு அது?"

சாயிரா சீட்டை மடிக்கப் போனாள். பிறகு மடிக்காமல் கையிலேயே வைத்துக்கொண்டாள்.

"எனக்கு ஸ்கேன்க்கா. அந்த வேன்ல எடுத்த உங்க ரிப்போர்ட் இன்னும் இருக்குதா?"

"பெட்டியில எங்கயாவது கெடக்கும். நீதான் நல்லா இருக்குதுன்னு படிச்சுச் சொன்னியே."

"எடுத்துட்டு வாங்கக்கா. மூணாவது வரி உங்களுதுல என்ன இருந்துச்சுன்னு ஞாபகம் இல்ல. எங்க அக்காவுதுல படிச்சும் விட்டுட்டேன்."

வசந்தா அவளையே பார்த்தாள். புடவைத் தலைப்பைச் செருகிக்கொண்டு வேகமாகத் தெருவைத் தாண்டிப் போனாள்.

அவள் வரும்வரைக்கும் சாயிராவால் சும்மா உட்கார முடியவில்லை. கொல்லைக்குப் போய், ஈரம் காயாத அந்த இடத்தைச் சுற்றிக் கட்டியிருந்த புடவைகளை ஒவ்வொரு முடிச்சாக அவிழ்க்க ஆரம்பித்தாள்.