முன் சீட்டைக் காலியாக வை

அமரர் ஊர்தி வந்து நிற்க இடம் வேண்டும் என்று தம்பி சொன்னதால், அவள் தன் காரை வாசலிலிருந்து பின்னால் நகர்த்திக்கொண்டிருந்தாள். கூரை மேல் டிரைவிங் ஸ்கூல் பலகை வைத்த சின்னக் கார். தெருவில் நின்ற ஆண்கள் ஆளுக்கொரு பக்கம் கையை ஆட்டி வழி சொன்னார்கள். ஊருக்கே வண்டி ஓட்டக் கற்றுக்கொடுக்கிறவளுக்கு வழி சொல்கிறார்களே என்று வேறொரு நாளாக இருந்தால் சிரித்திருப்பாள். மடியில் கிடந்த அப்பாவின் போன் அடித்தது. திரையில் ‘நர்ஸ் பொண்ணு’ என்று வந்தது.

நேற்று மதியத்திலிருந்து அந்தப் போனில் ஒரே செய்தியைத் திரும்பத் திரும்பச் சொல்லி அவளுக்கு வாய் பழகிவிட்டிருந்தது. இதற்கும் அதையே சொல்லப் போனாள். அதற்குள் அந்தப் பக்கத்துக் குரல் முந்திக்கொண்டது.

“ஐயா, ஆஸ்பத்திரிலேர்ந்து பேசறேன். இன்னைக்குக் காலைல வந்த ரீடிங்கைப் பார்த்தேன். நாடி முப்பத்தெட்டுதான் இருக்கு. இனிமே தள்ளிப்போட முடியாது, உடனே வந்துடுங்க.”

“நான் அவரோட பொண்ணு பேசறேன்மா. அப்பா நேத்து மத்தியானமே போயிட்டாரு.”

அந்தப் பக்கம் நர்ஸுக்குப் பின்னால் யாரோ ஒரு நோயாளியின் பெயரைச் சொல்லிக் கூப்பிடுவது மட்டும் கேட்டது.

“மன்னிச்சிடுங்கக்கா. எனக்குத் தெரியாது,” என்றாள் நர்ஸ். பிறகு தயங்கித் தயங்கிக் கேட்டாள். “அப்ப இன்னைக்குக் காலைல கிளிப்ல விரலை வெச்சது யாருக்கா?”

அப்பாவை இரண்டாம் முறை வீட்டுக்கு அனுப்பியபோது ஆஸ்பத்திரியில் ஒரு பையும் கொடுத்து அனுப்பியிருந்தார்கள். விரலில் மாட்டும் கிளிப் ஒன்று, அதிலிருந்து அளவை வாங்கி அனுப்பும் சின்னப் பெட்டி ஒன்று. தினமும் காலையில் விரலை மாட்டினால் நாடித் துடிப்பும் ஆக்சிஜன் அளவும் ஆஸ்பத்திரிக்குப் போய்விடும். அவள் போனுக்கு நிறம் மட்டும் வரும். பச்சை வந்தால் கவலையில்லை, மஞ்சள் வந்தால் கவனிக்க வேண்டும், சிவப்பு வந்தால் ஓட வேண்டும். டாக்டரிடம் மல்லுக்கட்டி அந்தப் பையை வாங்கியவள் அவள்தான். வண்டி பழகுகிறவருக்குப் பக்கத்து சீட்டில் உட்கார்ந்து, காலடியில் இருக்கும் இரண்டாவது பிரேக்கில் எந்நேரமும் கால் வைத்தே பிழைக்கிறவள். வீட்டிலும் அக்காவுக்கு எல்லார் விஷயத்திலும் ஒரு கால் பிரேக் மேல்தான் என்று தம்பி கேலி செய்வான்.

பை வந்த நாளிலிருந்து பச்சையாகவே வந்துகொண்டிருந்தது. அப்பா தேறிவிட்டார் என்று பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தாள். முந்தாநாள்தான் முதன்முறையாக மஞ்சள் வந்தது. அன்று சாயங்காலமே அப்பா கூப்பிட்டார்.

“நாளைக்கு வண்டியை எடுத்துட்டு வா. ஆஸ்பத்திரிக்குப் போகணும்.”

தலைகீழாக நின்றாலும் ஆஸ்பத்திரிப் பக்கம் வரமாட்டேன் என்ற மனிதர் தானாகக் கேட்டார். “மூச்சு வாங்குதாப்பா?” என்று கேட்டாள்.

“அதெல்லாம் ஒண்ணுமில்ல. நேர்ல சொல்றேன்.”

“நாளைக்கு வண்டி பழகற பிள்ளைங்களுக்கு லைசென்ஸ் டெஸ்ட் இருக்குப்பா. நாளான்னைக்கு விடிஞ்சதும் வந்துடறேன்.”

“சரி, நாளான்னைக்கே வா. முன் சீட்டைக் காலியா வை. நான் பின்னாடி உட்காந்துக்கறேன்.”

அந்த நாளான்னைக்குத்தான் இன்று. நேற்று மதியம் அப்பா ஜன்னலோர நாற்காலியில் சாய்ந்தபடியே போய்விட்டார். அவர் வாய்விட்டுக் கேட்டும் தள்ளிப்போட்டேன் என்பதை அவள் யாரிடமும் சொல்லவில்லை. நேற்றிலிருந்து ஒரு வாய்த் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை.

இப்போது நர்ஸ் வேறு என்னவோ சொல்லிக்கொண்டிருந்தாள். “முந்தாநாளே நாடி குறைஞ்சுதான் இருந்துச்சுக்கா. ஐயாவுக்குப் போன் பண்ணிச் சொன்னேன். அப்பறம், இது ஆபத்தான்னு கேட்டாரு. கவனிக்காம விட்டா ஆபத்துதான், ஆனா சரிபண்ணிடலாம், பேஸ்மேக்கர் வெச்சா நாடி ஒழுங்கா ஓடும்னேன். அப்படியா, நல்லதும்மான்னு அவ்வளவு சந்தோஷமா சொன்னாரு. நேத்து ரீடிங் வரல. போனையும் யாரும் எடுக்கல.”

நேற்று அந்த வீட்டில் எந்தப் போன் அடித்தது, எதை எடுத்தார்கள் என்று யாருக்குத் தெரியும். காலையில் தன் போனில் வந்திருக்கும் சிவப்பைக்கூட அவள் பார்க்கவில்லை. அவள் காரைப் பூட்டாமலே உள்ளே ஓடினாள்.

அம்மா கூடத்தில் அப்பாவின் தலைமாட்டில் உட்கார்ந்திருந்தாள். சுற்றிலும் சொந்தக்காரப் பெண்கள். அம்மாவைக் கைபிடித்து எழுப்பிச் சமையலறைக்குக் கூட்டிப்போய்க் கதவைச் சாத்தினாள். அலமாரியில் அந்தக் கிளிப் டீத்தூள் டப்பாவுக்குப் பக்கத்தில் இருந்தது.

“காலைல இதுல விரலை வெச்சியா?”

அம்மா தரையைப் பார்த்தாள். “கை பழக்கம்டி. அந்த நேரம் ஆனதும் கை தன்னால அங்க போயிடுச்சு. பெட்டில லைட் எரிஞ்சா அவர் இருக்கற மாதிரி இருக்கும்ல.”

“பழக்கமா? அப்ப இத்தனை நாளா?”

அம்மா கிளிப்பை எடுத்து முந்தானையால் துடைத்தாள். அவள் போனில் வந்த பச்சையெல்லாம் அம்மாவின் பச்சை.

அப்பா ரயிலில் டிக்கெட் பரிசோதகராக இருந்தவர். ஓய்வுபெற்ற பிறகும் தெருவில் அவருக்குச் செக்கர் என்றுதான் பெயர். அடுத்தவர் பாஸில் பயணம் செய்கிறவர்களைக் கையும் களவுமாகப் பிடிப்பதில் அவரை மிஞ்ச ஆளில்லை. அப்பேர்ப்பட்ட செக்கர் ஆஸ்பத்திரியின் கண்ணிலும் பெற்ற மகளின் கண்ணிலும் மண்ணைத் தூவியிருக்கிறார்.

“ரெண்டாவது தடவை அட்மிட் பண்ணப்ப அவரைப் படுத்தினது உனக்குத் தெரியாது,” என்றாள் அம்மா. “கையைக் கட்டிப் போட்டிருந்தாங்க. தண்ணி கேட்டா யாரும் இல்ல. வீட்டுக்கு வந்து அழுதாரு. நம்பர் குறைஞ்சா மறுபடி கூப்பிடுவாங்க, என்னால முடியாது, உன் விரலைக் கொடுன்னாரு. வாழ்நாள் பூரா அடுத்தவன் பாஸ்ல வந்தவனை இறக்கிவிட்டேன், இப்ப உன் பாஸ்ல போறேன்னு சொல்லிச் சிரிச்சாரு. நான் என்ன செய்யட்டும்?”

“என்கிட்ட சொல்லியிருக்கலாம்ல? நான் பார்த்திருந்தா அவரு…” சொல்லி முடிக்காததும் அம்மாவின் முகத்தில் போய் விழுந்தது. அம்மா அடுப்பு மேடையைப் பிடித்துக்கொண்டாள்.

“சொன்னா நீ தூக்கிட்டுப் போயிருப்ப. அவரு உயிர் அங்கதான் போயிருக்கும். நேத்து அவரு நாற்காலில உட்காந்து டீ குடிச்சாரு. குடிச்சு முடிச்சுட்டுத்தான் போனாரு.”

அவளுக்குக் கோபமும் அழுகையும் ஒன்றாக வந்தன. அம்மா சொல்வதில் தப்புக் கண்டுபிடிக்கத் தேடினாள். கிடைக்கவில்லை. அப்போதுதான் கையிலிருந்த போனில் நர்ஸ் இன்னும் காத்திருப்பது நினைவுக்கு வந்தது.

“அம்மாவோட விரல்தாம்மா,” என்றாள் போனில்.

“நினைச்சேன்கா. மயக்கம் ஏதாவது வந்துச்சான்னு கேளுங்க.”

அம்மா இல்லை என்று தலையாட்டினாள். பிறகு, இரண்டு தடவை கண் இருட்டிக்கொண்டு வந்தது, சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றேன், தூக்கம் இல்லாததால் என்று நினைத்தேன் என்றாள். நர்ஸ் டாக்டரிடம் பேசிவிட்டு வந்தாள். கிளிப்பை இப்போதே மாட்டச் சொன்னாள். எண் கொஞ்சம் ஏறியிருந்தது. ஆனாலும் இன்றைக்கே வந்தாக வேண்டும், மயக்கம் வந்தால் அந்த நொடியே ஆம்புலன்ஸைக் கூப்பிட வேண்டும் என்றாள்.

“கேட்டியா? வா, கிளம்பு,” என்று அவள் அம்மாவின் தோளைப் பிடித்தாள்.

“அவரைப் போட்டுட்டா? நல்லா இருக்குடி நீ பேசறது. நான் எங்கயும் வரல.”

“விளையாட்டு இல்லம்மா இது.”

“எனக்கு ஒண்ணும் ஆகாது. ஆனா ஆகட்டும்.”

அந்த ‘ஆகட்டும்’ அவளை உலுக்கிவிட்டது. அம்மாவின் குரலில் வீம்பு இல்லை, களைப்புதான் இருந்தது. எத்தனையோ பேரைப் பயம் தெளிவித்து ரோட்டில் இறக்கிவிட்டவளுக்கு அம்மாவிடம் என்ன பேசுவதென்று தெரியவில்லை. அதட்டிப் பார்த்தாள், கெஞ்சிப் பார்த்தாள். அம்மா விரலில் கிளிப்போடு கூடத்துக்குத் திரும்பத்தான் பார்த்தாள்.

“முந்தாநாள் நர்ஸ் பேசினப்பறம் அப்பா என்ன பண்ணாரு?” என்று சும்மா கேட்பதுபோல் கேட்டாள்.

அம்மா கதவருகே நின்றாள். “என்னை உட்காரச் சொல்லிட்டு அவரே டீ போட்டாரு. நிக்க முடியல, மூச்சு வாங்குது, ஆனாலும் கேக்கல. என்னையே பார்த்துட்டிருந்தாரு. என்னன்னு கேட்டா, ஒண்ணுமில்ல, அவ வரட்டும்னாரு. நேத்து கிளிப்பை எடுத்தேன், வேணாம் வையின்னுட்டாரு.”

அவள் மெதுவாகச் சுவரில் சாய்ந்தாள். முன் சீட்டைக் காலியா வை. அந்தக் காரில் முன் சீட்டை அப்பா யாருக்கும் விட்டதே இல்லை. உட்கார்ந்து, திருப்பத்துக்குத் திருப்பம் அந்த இரண்டாவது பிரேக்கை மிதித்து அவள் உயிரை வாங்குவார். அம்மா எப்போதும் பின் சீட்டில்தான். அன்று போனில் அவர் அப்படிச் சொன்னபோது உடம்பு முடியாததால் சொல்கிறார் என்றுதான் நினைத்தாள்.

“அம்மா, அவரு ஆஸ்பத்திரிக்குப் போகணும்னு எனக்குப் போன் பண்ணாரு. தனக்காகன்னு நினைச்சேன். அது உனக்காகம்மா. உன்னை முன்னாடி உட்கார வெச்சுட்டு, தான் பின்னாடி உட்காந்துக்கறேன்னாரு.”

“யாரு, உங்கப்பாவா?” என்றாள் அம்மா. “பின் சீட்லயா?”

“ஆமாம்மா.”

அம்மா சிரித்தாள். நேற்றிலிருந்து அந்த வீட்டில் கேட்ட முதல் சிரிப்பு அது, பாதியில் அழுகையாகிவிட்டது. மகள் அவளைச் சேர்த்துக் கட்டிக்கொண்டாள். யாரிடமும் சொல்லாததை அம்மாவின் தோளில் அழுது தீர்த்தாள். இரண்டு பேருக்கும் நடுவில் அந்தக் கிளிப் மின்னிக்கொண்டிருந்தது.

“சரி,” என்றாள் அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு. “அவரு கிளம்பட்டும். பின்னாடியே நாமளும் கிளம்பலாம்.”

நர்ஸ் போனை வைக்கவில்லை. “அதுவரைக்கும் கிளிப்பைக் கழட்டாதீங்கக்கா. நான் இங்கேர்ந்து பார்த்துட்டே இருக்கேன்,” என்றாள். அம்மா முந்தானைக்குள் கையை மறைத்துக்கொண்டு மறுபடி தலைமாட்டில் உட்கார்ந்தாள். துக்கம் கேட்க வந்தவர்கள் கையைப் பிடிக்க நீட்டினால் மறு கையைக் கொடுத்தாள்.

அமரர் ஊர்தி வந்ததும் மகள் தம்பியைத் தனியே கூப்பிட்டு விஷயத்தைச் சொன்னாள். அவன் முகம் வெளுத்துப்போனது. கேலிக்கும் பெயர்போனவன், அழுகைக்கும் பெயர்போனவன். இப்போது இரண்டும் இல்லாமல், “அம்மாவை நீ பாரு. அப்பாவை நான் பார்த்துக்கறேன்,” என்றான்.

அப்பாவை எடுத்தபோது அம்மா அவர் நெற்றியைத் தொட்டு, காதருகே குனிந்து ஏதோ சொன்னாள். யாருக்கும் கேட்கவில்லை. பிறகு யார் கையையும் பிடிக்காமல் நடந்து வந்து காரின் முன்கதவைத் திறந்தாள். துக்க வீட்டுக்காரி வீட்டில் இல்லாமல் எங்கே போகிறாள் என்று ஒரு பெரியவர் கேட்டார். தம்பி அவரைத் தோளில் கைபோட்டு அப்பால் அழைத்துப் போனான்.

அம்மா உட்கார்ந்ததும் காலடியைப் பார்த்தாள். “இதுல கால் படலாமா?”

“படலாம்மா.”

கார் அப்பாவின் வண்டிக்குப் பின்னாலேயே மெதுவாக ஊர்ந்தது. பின் சீட்டில் யாரும் இல்லை. தெருமுனையில் அப்பாவின் வண்டி ஒரு பக்கம் திரும்பியது. ஆஸ்பத்திரி மறுபக்கம். அவள் திருப்ப ஆரம்பித்தபோது கார் தானாக நின்றது. பார்த்தாள். அம்மாவின் கால் பிரேக் மேல் இருந்தது.

அவள் கியரை நியூட்ரலில் போட்டுவிட்டுக் காத்திருந்தாள். பின்னால் வந்த வண்டிகள் ஹாரன் அடித்தன. அப்பாவின் வண்டி கடைசி வீட்டைத் தாண்டி மறைகிறவரை அம்மா அந்தப் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு காலை எடுத்தாள்.