லோசாவின் நெருப்புக்குக் காவல்

நெருப்புக்குக் காவலாக என்னைப் போட்டதுதான் லோசா செய்த பெரிய பிழை.

எண்பத்தொன்பதில் நாங்கள் இருவரும் லண்டனில் ஒரு ஹோட்டலின் சலவைக்கூடத்தில் வேலை. அவளுடையது பக்கத்து மெஷின். சமோவாத் தீவுக்காரி, நல்ல உயரம், சிரித்தால் மெஷின் இரைச்சலுக்கு மேலாலும் கேட்கும். அவளுடைய நாட்டில் ஆண்கள் கத்தியின் இரண்டு முனையிலும் நெருப்பு மூட்டிச் சுழற்றி ஆடுவார்கள். இவள் தகப்பனைப் பார்த்து அதைப் பழகியிருந்தாள். நாங்கள் அறிய, லண்டனில் அதை ஆடிய முதல் பெண் அவள்தான். ஹோட்டல் கழித்துவிட்ட குளியல் துவாய்களைக் கிழித்து முனைகளில் சுற்றி, கம்பியால் இறுக்கிக் கட்ட வேண்டும். அதை நான்தான் கட்டிக் கொடுப்பேன். வெறும் துணிதானே, பயமில்லை.

நெருப்பென்றால் எனக்கு ஆகாது. எண்பத்து மூன்று ஆடிக் கலவரத்தில், கொழும்பு வெள்ளவத்தையில் எங்கள் வீடு எரிந்ததை எதிர் மதிலுக்குப் பின்னால் பதுங்கியிருந்து பார்த்தேன். அதற்குப் பிறகு ஒரு தீக்குச்சி உரசியதில்லை. லண்டன் பிளேஸ்டோவில் எங்கள் வீட்டில் அடுப்பும் கரண்ட், சாமிப் படத்துக்கு முன்னால் சிவப்பு பல்ப். "முருகனுக்குக் கரண்ட் பில் கட்டுற ஆக்கள் நாங்கள்தான்," என்று என் கணவர் பாலேந்திரா பகிடி விடுவார்.

அந்தக் கோடையில், எங்கள் தெருவுக்குப் பக்கத்து மண்டபத்தில் ஒரு சனிக்கிழமை மத்தியானம் ஆட லோசா உள்ளூர்க் கவுன்சிலுக்கு விண்ணப்பம் போட்டாள். அதிகாரி ஒருவர் வந்து பார்ப்பார். அவருக்குத் திருப்தி என்றால் லைசன்ஸ். எந்த மண்டபத்திலும் ஆடலாம். இல்லையென்றால் துவாய் மடிப்பதோடு சரி. ஒரு நிபந்தனை: தீப்பிடித்தால் மேலே எறிந்து அணைக்க, மேடையோரம் ஈரக் கம்பளியோடு ஓராள் ஆட்டம் முடியும்வரை நிற்க வேண்டும். அவளுடைய மச்சான்மாரோ, இது ஆண்கள் ஆடுவது என்று முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள்.

"நீர் நில்லும்," என்றாள் லோசா. எங்களுக்குள் அரைகுறை இங்கிலீஷ்தான். என் காதில் அது எப்போதும் யாழ்ப்பாணத் தமிழாகவே விழும்.

"எனக்கு ஏலாது. நான் நெருப்புக்குப் பயந்தவள்."

"பயந்த ஆள்தான் கண்ணெடுக்காமல் பாக்கும். நான் பேர் சொல்லிக் கூப்பிட்டால் எறியும். கூப்பிடாட்டி எறியாதையும்."

சொல்லிவிட்டு, கனகாம்பிகை என்ற என் பெயரை எழுத்தெழுத்தாகக் கேட்டு விண்ணப்பத்தில் எழுதினாள்.

தெருவில் இருந்த தமிழ்ச் சனத்தையெல்லாம் கூட்டிப்போய் முன்வரிசையில் இருத்தியதும் நான்தான். என் சினேகிதி ஆடுகிறாள் என்ற பெருமை, புளுகம். திரைச்சீலைகளை இழுத்து மூட, மத்தியானம் மங்கிப் போயிற்று. மேளம் தொடங்கியது. கத்தி சுழலச் சுழல நெருப்பு வட்டமானது. வட்டத்துக்குள் அவள் இருந்தாள், பிறகு இல்லை, பிறகு இருந்தாள். எரியும் எண்ணெய் மணம் வந்தபோது நான் நிற்பது மேடையோரமா மதிலோரமா என்று எனக்கே தெரியவில்லை.

அவள் மல்லாந்து படுத்து, நெருப்பை உள்ளங்காலில் ஏந்தினாள். என் கை கம்பளியைத் தூக்கிவிட்டது. அவள் தலையைத் திருப்பி என்னைப் பார்த்தாள். கூப்பிடவில்லை. நெருப்பு அவள் காலில் பூனைக்குட்டி மாதிரிப் படுத்திருந்தது. கம்பளியை மெல்ல இறக்கினேன். இப்படியும் ஒரு நெருப்பு இருக்கிறதென்று இத்தனை நாளும் எனக்கு ஒருவரும் சொல்லவில்லையே என்று கோபம்கூட வந்தது.

கடைசியில் அவள் மேடையால் இறங்கி, எரியும் கத்தியைக் கிடையாகப் பிடித்தபடி, சனம் தாண்டக் கூடாதென்று கவுன்சில் தரையில் கீறிய வெள்ளைக் கோட்டுக்கு உள்ளே முன்வரிசையைப் பார்த்து நடந்தாள். வேறு சனமென்றால் பின்னுக்குச் சரிந்திருக்கும். எங்கள் சனம் எழும்பியது. பக்கத்து வீட்டுச் செல்வமலர் அக்கா கோட்டைத் தாண்டிப் போய், நெருப்புக்கு மேல் இரண்டு கையையும் காட்டிக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். பின்னால் வரிசையாக எல்லோரும். கோயிலில் தீபத்தட்டு வந்தால் செய்வதுதான். கை தானாகவே போய்விட்டது. லோசாவுக்கு ஒன்றும் விளங்கவில்லை. ஆனாலும் கடைசி ஆள் ஒற்றி முடியும்வரை அசையாமல் நின்றாள்.

அந்தக் கடைசி ஆள் நான். கம்பளி மேடையோரம் தரையில் கிடந்தது. உள்ளங்கைச் சூடு கண்ணிமையில் பட, வெட்கமில்லாமல் அழுதேன்.

அடுத்த கிழமை, ஆட்டத்தைப் பார்க்க வந்த அதிகாரியின் கடிதம் வந்தது. சனம் கோட்டைத் தாண்டியது ஒரு குற்றம். கம்பளிக்குப் பொறுப்பானவர் நெருப்பு எரிந்துகொண்டிருக்கும்போதே அதைக் கீழே போட்டுவிட்டுப் போனது அதைவிடப் பெரிய குற்றம். அனுமதி இல்லை. அந்த மனிதர் எழுதியதில் ஒரு சொல் பொய்யில்லை.

"என்னாலைதான்," என்றேன்.

"ஓம், உம்மாலைதான்," என்றாள். இரண்டு நாள் என்னோடு கதைக்கவில்லை. மூன்றாம் நாள் புது விண்ணப்பத்தைக் கொண்டுவந்து காட்டினாள். அதிலும் என் பெயரே இருந்தது.

"உமக்கென்ன விசரே? வேற ஆளைப் போடும்."

"என்ரை காலிலை நெருப்பு நிக்கேக்க நீர் கம்பளியைத் தூக்கினீர். நான் கூப்பிடேல்லை எண்டு இறக்கினீர். எனக்கு அது காணும், போதும். ஆனா இனி, கும்பிடுறதை வீட்டிலை கும்பிட்டிட்டு வாரும்."

அடுத்த முறை நான் அசையவில்லை. லைசன்ஸ் கிடைத்தது. தொண்ணூறுகளில் அவள் ஆடிய மேடைகளிலெல்லாம் கம்பளியோடு நின்றது நான்தான். ஆனால் நான் நினைத்து நினைத்துப் பார்ப்பது, அவள் அப்படிச் சொன்ன நாளின் பின்னேரத்தைத்தான். வேலை முடிந்து வரும் வழியில் ஒரு தீப்பெட்டி வாங்கினேன். சிவப்பு பல்ப்பைக் கழற்றிவிட்டு, சின்னக் கிண்ணத்தில் எண்ணெய் விட்டுத் திரி போட்டேன். முதல் குச்சி முறிந்தது. இரண்டாவதைப் பாதியில் ஊதி அணைத்தேன். மூன்றாவதை எடுக்கும்போது முதுகுக்குப் பின்னால் தண்ணீர் சொட்டும் சத்தம் கேட்டது. திரும்பினேன். பாலேந்திரா குளியலறைத் துவாயை நனைத்து இரண்டு கையிலும் விரித்துப் பிடித்தபடி நின்றார்.

"நீர் பத்தவையும்," என்றார். "பேர் சொல்லிக் கூப்பிட்டால்தான் எறிவன்."

திரி பற்றியது. நான் கூப்பிடவில்லை.