முன்பல் ஒன்று, கடிகாரம் ஒன்று

ஒரு முன்பல்லின் விலை ஏழாயிரம். கண்ணாடிக் கதவு பதினோராயிரம். அவசரப் பிரிவு சிஸ்டரின் வாயைவிட வாசலுக்குத்தான் மதிப்பு என்று மேனேஜர் முடிவு கட்டியிருந்தார். உடைந்ததற்கெல்லாம் பட்டியல் போடுவது ஆஸ்பத்திரி ஸ்டோர்காரனான என் வேலை.

நடந்தது இதுதான். மூச்சிரைப்போடு அப்பாவை அழைத்து வந்த மகன் ஒருவன், "பத்து நிமிஷம்னு சொல்லி அரை மணி நேரமா காக்க வைக்கிறே?" என்று சிஸ்டரை அறைந்ததில் பல் போனது. நாற்காலியை வீசிக் கண்ணாடிக் கதவை உடைத்தான். அந்த அமளியில் ஸ்ட்ரெச்சர் கவிழ்ந்து அப்பாவின் மணிக்கட்டு முறிந்தது. மூச்சுக்கு வைத்தியம் பார்க்க வந்தவர் மாவுக்கட்டோடு கிடக்கிறார்.

இரண்டு நாளில் விசாரணை. அரை மணி நேரம் கவனிக்காமல் விட்டது உண்மையென்றால் சிஸ்டருக்கு வேலை போய்விடும்.

"பத்து நிமிஷம்தான் ஆகியிருக்கும்ணா. டாக்டர் உள்ள தையல் போட்டுட்டிருந்தார்," என்றாள் வீங்கிய உதட்டோடு.

வியாபாரி வீட்டில் பிறந்தவன் நான். இரண்டு பேர் சொல்லும் கணக்குக்கு நடுவே இவ்வளவு இடைவெளி இருந்தால், யாரோ தராசில் கை வைத்திருக்கிறார்கள். யார்?

உடைந்த சாமான்களைப் புரட்டினேன். நாற்காலி பட்டு விழுந்த சுவர்க் கடிகாரம் நாலு ஐம்பதில் நின்றிருந்தது. மகன் வாசலில் இறங்கியதும் அக்காவுக்குப் போன் செய்தது, புகாரோடு அவன் காட்டிய போன் பதிவுப்படி, நாலு பதினெட்டுக்கு. முப்பத்திரண்டு நிமிடம். அவன் சொன்னது சரிதான்.

அடுத்து வாட்ச்மேனைப் பிடித்தேன்.

"போலீஸுக்கு எப்போ போன் பண்ணீங்க?"

போனைக் காட்டினார். நாலு முப்பத்தொன்று.

"நாற்காலி பறந்தது நாலு ஐம்பதுக்கு. பத்தொன்பது நிமிஷம் முன்னாடியே தெரிஞ்சிடுச்சா?"

"நான் வாட்ச்மேன் சார், ஜோசியக்காரன் இல்ல. பறந்த பிறகுதான் பண்ணினேன்."

நான் மறந்தே போயிருந்தது அப்போதுதான் உறைத்தது. போன மாதம் ஏணி போட்டு ஏறி, அந்தக் கடிகாரத்தை இருபது நிமிடம் முன்னால் தள்ளி வைத்தவனே நான்தான். டூட்டிக்குத் தாமதமாக வருகிறவர்களை விரட்ட மேனேஜர் வழி கேட்டார். காசு செலவில்லாத வழி என்று பீற்றிக்கொண்டேன். ஊழியர்கள் இரண்டே நாளில் கண்டுபிடித்து, மனசுக்குள் இருபதைக் கழித்துக்கொண்டார்கள். பெஞ்சில் காத்திருப்பவர்களிடம் யாரும் சொல்லவில்லை.

வாயை மூடிக்கொண்டால் என் வேலை பத்திரம், அவள் வேலை போகும். விசாரணையில் சொல்லிவிட்டேன். மேனேஜர் கூரை விசிறியைப் பார்க்க ஆரம்பித்தார்.

"அப்போ பன்னெண்டு நிமிஷம்தானா?" மகனின் குரல் கம்மியது. "வந்த நேரத்தைப் போன்ல பார்த்தேன், அப்புறம் சுவரைப் பார்த்தேன். கடிகாரம் ஏமாத்திடுச்சு சிஸ்டர்."

"ஓடினது கடிகாரம்தான் தம்பி. ஓங்கினது உன் கை." பல் போன இடத்தில் காற்று சீறியது.

பட்டியலைத் திருத்தி எழுதினேன். கதவு, பல், மாவுக்கட்டு: மகன் பேரில். கடிகாரம் காட்டிய முப்பத்திரண்டில் சிஸ்டர் சொன்ன பத்து போக இருபத்திரண்டு; அதில் இருபது நிமிடம் என் பேரில்.

"மிச்சம் ரெண்டு இருக்கேண்ணா. அதை என் பேர்ல போடுங்க," என்றாள் சிஸ்டர்.

போட்டேன். சாமான்களுக்கெல்லாம் எதிரே தொகை ஏறியது. இருபது நிமிடத்துக்கு எதிரே பேனா நகரவில்லை. பாக்கி என்று எழுதி, கையெழுத்துப் போட்டேன்.